நடுவில் வைத்த ஃபோர்சைட்

பழைய துப்பாக்கியின் ஃபோர்சைட்டைக் கழற்ற வேண்டுமென்றால் இடமிருந்து வலமாகத் தட்ட வேண்டும். மாட்டும்போது வலமிருந்து இடம். சுடுகிறவர் குழலுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் இடம் வலம்தான் கணக்கு. மாற்றித் தட்டினால் அது உட்காரும் பள்ளமான காடியின் வாய் விரிந்துவிடும், அப்புறம் அந்தத் தகடு எந்தக் காலத்திலும் இறுக்கமாக உட்காராது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வலது பக்கம் மயிரிழை அகலமாக இருப்பது தெரியும். தெரியாதவன் கையில் சுத்தியலைக் கொடுக்கவே கூடாது. நான் எல்லாம் தெரிந்தவன், அதனால் இங்கே சொல்லப்போவதற்குச் சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஃபோர்சைட் என்பது குழலின் நுனியில் செங்குத்தாக நிற்கும் சின்னத் தகடு. கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு தகட்டில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் இதை நிறுத்தி, இரண்டையும் சேர்த்துக் குறிக்கு நேரே பிடித்துச் சுட வேண்டும். எங்கள் கழகத்தில் இருந்த பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியில் பின்பள்ளத்தை ஏற்றி இறக்கலாமே தவிர, பக்கவாட்டில் நகர்த்த முடியாது. குண்டு இடமோ வலமோ விலகிப் போனால் ஃபோர்சைட்டைத்தான் தட்டி நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தட்ட வேண்டும். வலது பக்கம் போனால் வலது பக்கம். முதல்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஒரு தரம் சுட்டுப் பார்த்தால் நம்புவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்றுதான் சொல்வோம், ஒரு கம்பெனியில் டூல்ரூம் ஃபிட்டராக இருந்தேன். குடித்தனம் பட்டாபிராமில், ராணுவச் சரக்கு ரயில் நிற்கும் சைடிங் பக்கம் ஒரு வாடகை வீட்டில். டூல்ரூம்காரனுக்கு எஸ்டேட்டில் ஒரு மிதப்பு உண்டு. மற்றவன் செய்த சாமானை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவதுதான் எங்கள் வேலையில் பாதி. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுவோம். எங்கள் ஆட்களிடம் "டயல் வெச்சுப் பாத்தாச்சு" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்த மாதிரி. டயல் என்பது முள் சுற்றிக் காட்டும் சின்ன அளவுக் கருவி, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவே, ஒரு மண்மேட்டுக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒன்று போட்டு எங்கள் துப்பாக்கிக் கழகம் நடந்தது. கம்பெனி ஆட்கள், சைடிங் ஆட்கள், கடைக்காரர்கள் என்று முப்பது பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சுடுவோம். ஆளுக்குப் பத்துத் தோட்டா பங்கு, அதற்குமேல் கேட்டால் கிடைக்காது. நான்கு துப்பாக்கிகளில் மூத்ததைக் கிழவி என்று கூப்பிடுவோம். மரக்கட்டை கறுத்து, குழல் தேய்ந்து, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் இருக்கும். ஆனால் சரியான ஆள் கையில் கிடைத்தால் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கழகத் துப்பாக்கிகளின் பழுதுபார்க்கும் வேலை முழுக்க என் பொறுப்பு. கிழவியை எத்தனையோ முறை துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். அவள் என்னிடம் ஒரு ஞாயிறுகூட ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. ஒரு கைப்பிடிக் கடுகைக் குறி அட்டைமேல் இறைத்த மாதிரி இருக்கும் என் குண்டுகள்.

என் மனைவி இதில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு ஏமாற்று வேலைதான். பெண் உறுப்பினர்கள் இருந்தால் தோட்டா ஒதுக்கீடு கூடுதலாகக் கிடைக்கும் என்று யாரோ மேலிடத்தில் கேட்டு வந்து சொன்னார்கள். உடனே எங்கள் செயலாளர், ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்து அவரவர் வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். செயலாளர் என் கம்பெனியிலேயே சூப்பர்வைசர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எட்டுப் பெண்கள் காகிதத்தில் உறுப்பினர் ஆனார்கள். பிறகு ஒரு நாள் மேலிடத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. எட்டுப் பேரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஷெட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொருவரும் ஐந்து குண்டு சுட வேண்டும் என்று வந்தவர் சொன்னார். மற்ற ஏழு பேர் சுட்டதில் பாதி மண்மேட்டுக்கே போனது. ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணல் மூட்டையின்மேல் கிழவியை வைத்து, படுத்து, நிதானமாக ஐந்தைச் சுட்டுவிட்டு எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

"இன்னா தங்கச்சி இது?" என்றார் செயலாளர். "முன்ன எங்கனா சுட்டுகீறியா?"

"இல்லண்ணா. அந்தப் பள்ளத்துக்கு நடுவுல தகடு ஆடாம நிக்கிற வரைக்கும் பாத்துகினு இருந்தேன். நின்னதும் அமுக்கிட்டேன். அவ்ளோதான்."

அவள் வேலை செய்தது எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், செக்கராக. தைத்து வருகிற சட்டையைத் திருப்பிப் போட்டு, எங்கே ஒரு தையல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது வேலை. எட்டு மணிநேரம் ஒரே நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரிதான் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு அவளே முதலில் கிளம்பி நின்றாள். அந்த வாரமும் அப்படியே விழுந்தது, அதற்கடுத்த வாரமும்.

நான் பொறாமைப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அடுத்த வீட்டுக்காரன் ஸ்கூட்டர் வாங்கினால் படுகிற பொறாமை எனக்குத் தெரியும், அது இரண்டு நாளில் ஆறிவிடும். இது ஒரே பாயில் படுத்திருந்தது. காலையில் காபி ஆற்றிக் கொடுக்கிற கையைப் பார்த்தால் எரியும். அவள் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்தால், ஒரே தரத்தில் கோத்துவிடுவாள், அதற்கும் எரியும். ஷெட்டின் பலகையில் அந்த மாதத்தின் சிறந்த அட்டை என்று ஒன்றைக் குத்திவைப்பார்கள். நாலு மாதம் தொடர்ந்து அவள் அட்டைதான் இருந்தது. என் அட்டை ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூட அங்கே ஏறியதில்லை.

காலை ரயிலில் கூட வருகிறவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "மச்சான், ஊட்ல சண்ட வந்தா தூணுக்குப் பின்னால நின்னு பேசு" என்பான் ஒருவன். "இவன் எண்ண போடுவான், அவங்க சுடுவாங்க" என்பான் இன்னொருவன். நானும் சேர்ந்து சிரிப்பேன். அம்பத்தூரில் இறங்கிக் கம்பெனி போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரம். பெருமை பீற்றிக்கொண்டாலாவது திட்டியிருப்பேன். அவளோ வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் சந்தேகம் கேட்பாள். "இன்னாங்க, மூச்ச முழுசா வுட்டுட்டு சுடணுமா, பாதி வெச்சுகினு சுடணுமா?" நான் பெரிய வாத்தியார் மாதிரி ஏதோ சொல்வேன். பாதி சரியாக இருக்கும், பாதி வேண்டுமென்றே மழுப்பலாக இருக்கும். அவள் அதை அப்படியே நம்பித் தலையாட்டுவாள். துப்பாக்கி விஷயத்தில் உலகத்திலேயே என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

"தங்கச்சிக்கு சுத்திப் போடு மச்சான், கண்ணு பட்டுடப் போவுது" என்று செயலாளர் அடிக்கடி சொல்வார். அவளே மிளகாயும் உப்பும் எடுத்துவந்து என் கையில் கொடுப்பாள், நானும் மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவேன். மிளகாய் நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். நெடியே வராது. யார் கண்ணாக இருக்கும் என்று அவள் தெருவில் இருக்கும் பெண்களை ஒவ்வொருவராக யோசிப்பாள்.

அந்த வருஷம் மாவட்டத்துக்குப் பெண்கள் அணி தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நகரத்துக்குள் ஒரு ரேஞ்சில் தேர்வு. முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வந்தால் மாநிலப் போட்டிக்குக் கோயம்புத்தூர் போகலாம். அவள் அதுவரை அரக்கோணத்தைத் தாண்டிப் போனதில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவைத்துவிட்டாள். ஆவடி மார்க்கெட்டில் ஜிப் வைத்த ரெக்ஸின் பை ஒன்று வாங்கிவந்து, அதில் என்னென்ன வைக்கலாம் என்று வைத்து வைத்து எடுத்தாள். கழகத்தில் எல்லோருக்கும் அவள் போவாள் என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை, அதுதான் என்னை அரித்தது.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, செயலாளர் வேனிலிருந்து துப்பாக்கிகளை இறக்கும்போது கிழவி கைநழுவி, குழல் நுனி சிமெண்டுப் படியில் போய் இடித்தது. ஃபோர்சைட் தகடு ஒரு பக்கம் மடிந்து, தலை உடைந்துவிட்டது. எல்லோரும் பதறிப்போனார்கள். என் மனைவி முகம் வெளுத்துவிட்டது. அவள் வேறு துப்பாக்கியில் பழகவில்லை. உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் கழகம் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதெல்லாம் ஒரு வேலையா? புதுசா ஒண்ணு அடிச்சு மாட்டிட்டா போச்சு" என்றேன்.

கம்பெனியில் ஒரு துண்டு ஸ்டீலை எடுத்து இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் அராவி, புதுத் தகடு செய்தேன். கழற்றுகிற வேலை புதன்கிழமை சாயங்காலம், ஷெட்டில். செயலாளர் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேசையோடு இறுக்கிய பிடிகருவியான வைஸின் வாயில் இரண்டு செம்புத் தகட்டை வைத்துக் குழலைப் பிடித்தேன், இல்லாவிட்டால் குழலில் பல் பதிந்துவிடும். காடியில் ஞாயிறன்றே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தேன். பஞ்ச் என்கிற பித்தளைத் தட்டுக்கம்பியைத் தகட்டின் அடியில் வைத்து, மேலே படாமல், இடமிருந்து வலமாக ஒரு தட்டு. அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது தட்டில் சத்தம் மாறியது. இறுகி இருக்கும்போது கணீரென்று இருக்கும், நகர ஆரம்பித்ததும் மந்தமாகிவிடும். அப்புறம் சுலபம், விரலாலேயே தள்ளி எடுத்தேன்.

எடுத்துத் துடைத்தபோதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். குழலின்மேல், காடியின் ஓரத்தில், உளியால் மெல்லிசாக ஒரு கோடு. பழைய தகட்டின் அடியிலும் அதற்கு நேராக ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து நிற்கிற இடம்தான் தகடு நிற்க வேண்டிய இடம் என்று யாரோ போட்டுவைத்த அடையாளம். ஆனால் அந்தக் கோட்டின்படி வைத்தால் தகடு நடுவில் நிற்காது. அளந்து பார்த்தேன். நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளி நின்றது.

எந்த அரைவேக்காடு செய்த வேலை இது என்றுதான் எனக்குத் தோன்றியது. அரை மில்லிமீட்டர்! எங்கள் டூல்ரூமில் அரை மில்லி விட்டவனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட் பாஸ் போட்டு, சாப்பாட்டுப் பையில் கம்பெனி டயலைக் கொண்டுவந்திருந்தேன். புதுத் தகட்டை வலது பக்கமிருந்து நுழைத்து, இடது பக்கமாகத் தட்டித் தட்டி, இரண்டு பக்கமும் டயலை ஓட்டிப் பார்த்து, முள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கும்வரை விடவில்லை. நட்டநடு. அசலில் அதைச் செய்த இங்கிலாந்துக்காரன்கூட அப்படி வைத்திருக்க மாட்டான். பிறகு எமரித் தாளை எடுத்து அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தேன். கோணல் வேலையின் அடையாளம் எதற்கு என்று நினைத்தேன். அதுவரை நான் செய்தது தவறுதான், துரோகம் இல்லை. ஒரு குழல் அறுபது வருஷத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது டயலுக்குத் தெரியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பது அளவுக்காரனான என் மண்டையில் ஏறவில்லை.

"சனிக்கெழம அஞ்சு தோட்டா சுட்டுப் பாத்துடலாமா மச்சான்?" என்று செயலாளர் கேட்டார்.

"டயல் வெச்சுப் பாத்தாச்சு அண்ணாத்தே."

"அப்ப சரி" என்று எழுந்து துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். தோட்டாவும் அந்த மாதம் கம்மியாகத்தான் இருந்தது. அவரும் எஸ்டேட்டுக்காரர்தான், டயலுக்குமேல் அவருக்கும் கேள்வி இல்லை.

தேர்வு நாளில் துப்பாக்கியைச் செயலாளர் வேனில் கொண்டுவந்தார். நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் போனோம். அங்கே ஐம்பது மீட்டர். முதலில் பழகு குண்டு ஐந்து, அதற்குத் தனி அட்டை. பிறகு துப்பாக்கியைச் சரிசெய்துகொள்ள ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் கணக்கில் சேரும் இருபது குண்டு. அந்தத் தூரத்தில் ஓட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் பின்னால் துணைக்கு ஒரு ஆள் டெலஸ்கோப்பில் பார்த்துச் சொல்லலாம். எங்கள் கழகத்துக்கு இருந்த ஒரே டெலஸ்கோப்போடு நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் பதிவு மேசையில் காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் பையில் பித்தளைத் தட்டுக்கம்பியும் சின்னச் சுத்தியலும் இருந்தன.

அவள் ஐந்து குண்டையும் சுட்டாள். டெலஸ்கோப்பில் பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை. வலது பக்கம் நாலு சென்டிமீட்டர் தள்ளி, ஐந்து ஓட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கிழிசல் மாதிரி இருந்தது. அவள் வாழ்க்கையில் சுட்டதிலேயே நெருக்கமான ஐந்து அதுதான். நான் சுட்டதை எல்லாம் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது.

பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குண்டுகள் ஒன்றுசேர்ந்து விழுந்தால் சுடுகிறவர்மேல் குற்றமில்லை. தள்ளி விழுந்தால் ஃபோர்சைட்மேல்தான் குற்றம். அந்த உளிக்கோடு சரி, என் நட்டநடு தப்பு. வலது பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அரை நிமிஷ வேலை.

அவள் படுத்த நிலை கலையாமல், தலையை மட்டும் லேசாகத் திருப்பிக் கேட்டாள். "இன்னாங்க, எங்க வியுந்துகீது?"

"வலது பக்கம் போவுது."

"அஞ்சும் ஒரே எடத்துலயா கீது, இல்ல செதறிக் கீதா?"

நல்ல கேள்வி. சரியான கேள்வி. ஆறு வருஷமாகச் சுட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு அதைக் கேட்கத் தெரியாது. ஆறே மாதத்தில் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் நானே கட்டிவைத்த கோணலைத் தட்டிச் சரிசெய்து, எல்லோர் முன்னாலும் என் டயலைப் பொய்யாக்கி, அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைக்க வேண்டும். ரயிலில் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதுகூட எனக்குக் காதில் கேட்டது.

"செதறிக் கீது" என்றேன். "நீ வெரல இஸ்க்கிற. குண்டு அதான் வலது பக்கம் ஓடுது. துப்பாக்கி மேல ஒண்ணுமில்ல, டயல் வெச்சுப் பாத்தது."

"நானா இஸ்க்கிறேன்?"

"பின்ன?"

அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். மடக்கி நீட்டிப் பார்த்தாள். என்னை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அந்த ஐந்து நிமிஷமும் என் பை என் காலடியிலேயே இருந்தது. மணி அடித்தார்கள்.

இருபது குண்டில் முதல் மூன்று அதே இடத்தில், வலது பக்கத்தில் விழுந்தன. சரியாகிவிட்டது என்று நான் சொல்லாததால், இன்னும் இழுக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். விரலை முன்னே வைத்தாள், பின்னே வைத்தாள், நுனியால் அமுக்கினாள், மெதுவாக அமுக்கினாள், பட்டென்று அமுக்கினாள். அதற்கப்புறம் உண்மையிலேயே சிதற ஆரம்பித்தது. கடைசிப் பத்துக் குண்டு என் அட்டை மாதிரியே இருந்தது. பதினோரு பேரில் ஒன்பதாவதாக வந்தாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. நான் அப்டி சொல்ல மாட்டேன், துப்பாக்கி நல்லாத்தான் கீது" என்று செயலாளரிடம் சொன்னாள். கூடமே கோணல்தான் என்று தெரிந்த ஒரே ஆளான நான் பக்கத்தில் நின்று அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பழகு குண்டு அட்டையை அதிகாரிகள் யாரும் கேட்கவில்லை, வேண்டாத காகிதத்தோடு கிடந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆவடிக்கு முன்னால், அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தபோது, அதை நாலாகக் கிழித்து வெளியே விட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போய், செயலாளர் வேனை இறக்கிவிட்டு டீக்குப் போன நேரத்தில், கிழவியை எடுத்து என் பங்கிலிருந்து மூன்று குண்டு சுட்டேன். மூன்றும் வலது பக்கம். வைஸில் பிடித்து வலது பக்கமாக இரண்டு தட்டு. மறுபடி இரண்டு குண்டு. நடுவில் வந்து விழுந்தது. அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள், நான் என் முறைக்குப் படுத்து மீதி ஐந்தைச் சுட்டேன். ஏன் என்று தெரியவில்லை, அன்றைக்குக் கிழவி எனக்கு இணங்கினாள். ஐந்தும் கறுப்புக்குள். அதில் இரண்டு பத்து மார்க் வட்டத்தில். ஆறு வருஷத்தில் என் சிறந்த அட்டை. செயலாளர் அதைப் பலகையில் குத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

பூந்தமல்லி பாய் கைதட்டவில்லை. அவர் மர வேலைக்காரர், கழகத் துப்பாக்கிகளின் மரக்கட்டையிலெல்லாம் அவர் கைதான் பட்டது. நூம்பலில் ஒரு கல்யாணம் என்று இரண்டு வாரமாக வரவில்லை, தேர்வுக்கும் வரவில்லை. அவர் கிழவியை எடுத்துக் குழல் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எமரி தேய்த்த இடமும், அன்றைக்குக் காலையில் பஞ்ச் பட்ட இடமும் பளபளவென்று இருந்தன.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே மாமே" என்றார். "பல வருஷத்துக்கு முந்தி நாங்க முப்பது தோட்டா சுட்டுப் பாத்துப் போட்ட கோடு. அது எங்க?"

"புது தகடு போட்டேன் பாய். தேச்சுட்டேன்."

"கோடு இல்லாம அதே எடத்துல எப்டி வெச்ச? அதுவும் இன்னிக்குத் தட்டின மாதிரி கீது."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி ஷெட்டுக்குள் வந்தாள். அன்றைக்கு அவள் சுடவில்லை, வெளியே ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் என் அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம். அவள் அட்டை அந்தப் பலகையில் ஏறிய நாலு மாதமும் என் முகத்தில் ஒரு நாள்கூட அது இருந்ததில்லை.

"பாத்தீங்களா பாய்" என்றாள். "அதே துப்பாக்கிதான். இவர் கையில எப்டி வியுது பாருங்க. என் வெரல்தான் சரியில்ல. நல்லவேள, இவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. இல்லன்னா நான் துப்பாக்கி மேல பழி போட்டுகினு கோயம்புத்தூர் வரைக்கும் போயி மானம் போயிருக்கும்."

பாய் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நானே சொல்வேன் என்று காத்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் இரண்டு தரம் பேசி முடித்திருக்கலாம். நான் குனிந்து, சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இனிமே எனக்கு வேணாங்க" என்று அவள் என் தோளைத் தொட்டுச் சொன்னாள். "என் பங்குத் தோட்டா பத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க. இருவதா சுட்டா இன்னும் நல்லா வரும் உங்களுக்கு."

எனக்குள் அப்போது எழுந்தது வெட்கம் இல்லை. சந்தோஷம். இருபது தோட்டா என்று மனம் கணக்குப் போட்டது. செயலாளர் பெட்டியைத் திறந்து அவள் பங்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.